இறக்கைக் குறியிலிருந்து பெயர் வரை: பருந்து அந்துப்பூச்சிகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட் எவ்வளவு உதவுகிறது?

கார்த்திகை அடைமழைக்கு நடுவே ஒரு விடியற்காலையில், தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன்திண்ணையில், இரவெல்லாம் எரிந்த குழல்விளக்குக்குக் கீழே, வெள்ளைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாத பச்சை அது. இளந்தளிர், பாசி, முற்றிய இலை என்று மூன்று நான்கு சாயல்கள் பட்டை பட்டையாக ஓடின. நடுவே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை கிடந்தது. முன் இறக்கை உடலோடு சேரும் இடத்தில், வெண்மை சூழ்ந்த கரும்பச்சைப் புள்ளி ஒன்று கண்போல இருந்தது. அதன் பெயரைத் தேடத் தொடங்கிய அன்றுதான், படத்தை ஏற்றினால் உயிரினத்தின் பெயரைக் கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையச் சேவையில் என் முதல் பதிவை இட்டேன். ஓராண்டுக்கும் மேலாக அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். பருந்து அந்துப்பூச்சிகளின் இறக்கைக் குறிகளைப் படித்து இனம் பிரிப்பதற்கு அந்தச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பறவைகளுக்கும் செடிகளுக்கும் அது எப்படி என்பது வேறு பேச்சு.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். நம் ஊரில் விளக்கைத் தேடி வரும் எல்லாவற்றையும் விட்டில் என்று சொல்லிவிடுகிறோம். அந்து என்பது அரிசியிலும் நெல்லிலும் விழும் சிறு பூச்சிக்கு வைத்த பெயர். அந்தச் சொல்தான் இன்று இந்தக் கூட்டம் முழுவதற்கும் விரிந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் ஹாக் மோத் என்றும் ஸ்பிங்ஸ் மோத் என்றும் வழங்கும் குடும்பத்தைத் தமிழில் பருந்து அந்துப்பூச்சி என்று எழுதுகிறார்கள். உடல் தடித்து, பின்பக்கம் கூராகி, முன் இறக்கை நீண்டு ஒடுங்கி இருப்பதால் இந்தக் குடும்பத்தைக் கண்டுகொள்வது எளிது. உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் இது. குடும்பத்திலிருந்து இனத்துக்கு இறங்கும் வழியில்தான் ஒவ்வொரு கோடும் புள்ளியும் கணக்குக் கேட்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட் 2008ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. பின்னர் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் கீழும், நேஷனல் ஜியாக்ரஃபிக் அமைப்புடன் கூட்டாகவும் இயங்கி, 2023 முதல் லாப நோக்கற்ற தனி அமைப்பாக நடக்கிறது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. நாம் எடுத்த படத்தை, எடுத்த நாளோடும் இடத்தோடும் ஏற்றினால், முதலில் கணினி படத்தைப் பார்த்து இன்னதாக இருக்கலாம் என்று சில பெயர்களை முன்வைக்கும். அடுத்து, அதே துறையில் ஆர்வமுள்ள மனிதர்கள் அந்தப் பதிவைப் பார்த்து ஒத்துக்கொள்வார்கள் அல்லது திருத்துவார்கள். இந்த இரண்டு படிகளும் இரண்டு வெவ்வேறு வேலைகள் என்பதைப் புரிந்துகொண்டவருக்குத்தான் இந்தச் சேவை முழுப் பயனைத் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் பச்சைப் பூச்சியைப் பொறுத்தவரை முதற்படியே போதுமானதாக இருந்தது. டாஃப்னிஸ் நெரி, அதாவது அரளிப் பருந்து அந்துப்பூச்சி, என்ற பெயர் பட்டியலின் தலையில் வந்தது. அருகில் எதிர்பார்க்கப்படுவது என்ற குறிப்பும் சேர்ந்திருந்தது. பெயரைத் தொட்டதும் திறக்கும் பக்கத்தில், ஒத்த இனங்கள் என்று ஒரு பகுதி உண்டு. எந்த இனத்தை எதனோடு மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதை அது வரிசையாகப் படங்களோடு காட்டுகிறது. அங்கேதான் டாஃப்னிஸ் ஹைப்போதௌஸ் என்ற நெருங்கிய உறவினரை முதன்முதலில் பார்த்தேன். அது இன்னும் இருண்ட நிறம். முன் இறக்கையின் நுனியில் சிறிய வெண்புள்ளி ஒன்று இருக்கும். என் படத்தைப் பெரிதாக்கி இறக்கை நுனியைப் பார்த்தேன், வெண்புள்ளி இல்லை. அடிப்பகுதியில் கண் போன்ற குறி தெளிவாக இருந்தது. பெயரை நானே சரிபார்த்துக்கொண்ட அந்த ஐந்து நிமிடம், கணினி தந்த பெயரைவிட எனக்கு மதிப்புள்ளது. ஒத்த இனங்கள் பகுதிக்காகவே இந்தச் சேவையைப் பிறருக்குச் சொல்லலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஆண்டுக் கட்டணம் வாங்கும் வேறொரு பூச்சி அடையாளச் செயலியையும் சில வாரம் வைத்திருந்தேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் கொல்லைச் சேம்புக்கு அருகில் எடுத்த ஒரு படத்தை அதில் கொடுத்தபோது, வட அமெரிக்காவில் வாழும் ஹைலிஸ் லினியாட்டா என்று ஒரே பெயரை, எந்தத் தயக்கமும் இல்லாமல், வண்ண எழுத்தில் காட்டியது. படத்தில் இருந்தது ஹிப்போஷன் செலெரியோ. இரண்டுக்கும் முன் இறக்கையின் நுனியிலிருந்து உள்விளிம்பு நோக்கிச் சாய்வாக ஓடும் வெளிர்க் கோடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஹைலிஸ் லினியாட்டாவுக்கு அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டியபடி இறக்கை நரம்புகளும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், ஏணிப்படி போல. செலெரியோவுக்கு அப்படி இல்லை. ஒற்றை வெள்ளிக் கோடு, அதை ஒட்டிச் சன்னமான துணைக்கோடுகள், பழுப்பு நிற இறக்கை, அவ்வளவுதான். இடத்தையும் கேட்காமல், நரம்பையும் பார்க்காமல், சாய்ந்த கோடு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சொன்ன பெயர் அது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் அதை நம்பிக் குறித்து வைத்துக்கொண்டால், அந்தப் பிழை அவர் குறிப்பேட்டில் காலத்துக்கும் நிற்கும். சந்தாவை அந்த மாதமே நிறுத்திவிட்டேன்.

இதே வகைப் படங்களில் ஐநேச்சுரலிஸ்ட் நடந்துகொள்ளும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. குறி தெளிவாக இல்லாவிட்டால், இன்ன பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி, என்பது வரை உறுதி என்று மேலே சொல்லிவிட்டு, அதற்குக் கீழே இனங்களைச் சாத்தியங்களாக மட்டும் அடுக்குகிறது. தெரெட்ரா பேரினத்தில் இது எவ்வளவு நியாயமான அடக்கம் என்பதை ஓர் அனுபவத்தால் சொல்கிறேன்.

ஆனி மாதச் சாரலில் ஓர் இரவு, மொட்டை மாடிக் கொடியில் பழைய வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் புற ஊதா விளக்கை வைத்திருந்தேன். எட்டரை மணிக்குப் பழுப்பும் மஞ்சளுமான ஒன்று வந்து வேட்டியின் மடிப்பில் அமர்ந்தது. முகத்துக்கு நேராக ஃபிளாஷ் போட்டு ஒரே படம் எடுத்தேன், அது எழும்பிவிட்டது. முன் இறக்கையில் நுனியிலிருந்து சாய்ந்து வரும் கரும்பட்டை தெரிந்தது. உடலின் மேற்பக்கம் தெரியவில்லை. கணினி தெரெட்ரா என்று நிறுத்திக்கொண்டது. இரண்டு நாளில், தெற்காசியாவின் அந்துப்பூச்சிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: முதுகில் ஓடும் வெள்ளிக் கோடு ஒன்றா, இரண்டா? அந்தக் கேள்வியில்தான் விடையே இருக்கிறது. தெரெட்ரா ஓல்டன்லாண்டியே என்றால் வயிற்றுப் பகுதியின் முதுகில் இரண்டு வெள்ளிக் கோடுகள் அருகருகே, தண்டவாளம் போல, கடைசி வரை ஓடும். தெரெட்ரா சில்ஹெடென்சிஸ் என்றால் நடுவில் ஒரே கோடு. இறக்கைப் பட்டைகளோ இரண்டிலும் ஒன்றை ஒன்று பார்த்து வரைந்தவை போலவே இருக்கும். அடுத்த வாரம் அதே வேட்டியில் அதே போன்ற பூச்சி வந்தபோது, நாற்காலியில் ஏறி நேர் மேலேயிருந்து எடுத்தேன். இரண்டு கோடுகள். முதல் இரவின் படம் இன்றும் தெரெட்ரா என்ற பேரினப் பெயரோடுதான் இருக்கிறது. அப்படியே இருப்பதுதான் முறை.

இறக்கைக் குறி என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் முன் இறக்கையை மட்டுமே நினைக்கிறோம், ஏனென்றால் உட்கார்ந்திருக்கும் பூச்சி அதை மட்டுமே காட்டுகிறது. பின் இறக்கை அதற்கு அடியில் மடங்கி மறைந்திருக்கிறது. பல இனங்களில் தீர்ப்பு எழுதியிருப்பது அந்த மறைந்த இடத்தில்தான். எள் பயிரிடும் எங்கள் பக்கத்து வயல்காரர் ஒரு நாள் மூடி போட்ட டப்பாவோடு வந்து, "அண்ணாச்சி, இத தொட்டா எலி மாதிரி கீச்சுன்னு கத்துது, பாருங்க" என்றார். திறந்தால், மார்பின் மேல் மண்டை ஓடு வரைந்தாற்போல் மஞ்சள் குறி. அகெரோன்டியா என்று கணினி கேட்காமலே சொல்லும். தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும் இந்தப் பூச்சியின் புகழ் அப்படி. ஆனால் நம் பகுதியில் அகெரோன்டியா ஸ்டிக்ஸ், அகெரோன்டியா லாகெசிஸ் என்று இரண்டு உண்டு. மண்டை ஓட்டை எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் அது எது என்று எளிதில் சொல்லாது.

தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, முன் இறக்கையின் பின்விளிம்பை மெல்ல முன்னோக்கித் தள்ளினேன். பூச்சி கீச்சிட்டது, ஆனால் நகரவில்லை. உள்ளே மஞ்சள் பின் இறக்கை விரிந்தது. அதில் குறுக்கே இரண்டு கரும்பட்டைகள் இருந்தன. உடலோடு சேரும் அடிப்பகுதி மஞ்சளாகவே இருந்தது. லாகெசிஸாக இருந்தால் அந்த அடிப்பகுதியில் பெரிய கறுப்புத் திட்டு ஒன்று இருக்கும். வயிற்றுப் பகுதியும் இன்னும் கறுத்து இருக்கும். ஆக, இது ஸ்டிக்ஸ். அந்த ஒரு படத்தைச் சேர்த்த அன்றே இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். வயல்காரரிடம், அவர் எள் இலையில் பார்க்கும் பின்கொம்புள்ள பருத்த புழுவின் தாய் இதுதான் என்று சொன்னேன். டப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேலியோரம் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

குறி இருப்பதும் இல்லாததும் இனத்தைப் பிரிக்காத இடமும் உண்டு. நெஃபிலி ஹெஸ்பெரா என்ற ஒன்று களாச்செடியை நம்பி வாழ்வது. ஆலிவ் பழுப்பு நிற முன் இறக்கை. சிலவற்றில் அதன் நடுவே வெள்ளி நிறப் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. ஒரே வாரத்தில் இரண்டு வகையும் என் வேட்டியில் வந்தன. நான் இரண்டு இனங்கள் என்று முடிவுகட்டித் தனித்தனிப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு தோற்றங்கள் என்று திருத்தியவர், புள்ளியுள்ளதற்கு டிடைமா, அதாவது இரட்டை, என்று ஒரு காலத்தில் தனிப் பெயரே இருந்தது என்பதையும் எழுதினார். இப்படி ஒரு திருத்தத்தைப் படத்தை மட்டும் பார்க்கும் எந்தச் செயலியும் காரணத்தோடு சொல்லித் தராது.

இனி, கணினியின் பரிந்துரையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது. பயனாளர்கள் ஏற்றிய படங்களைக் கொண்டே அது பயிற்றுவிக்கப்படுகிறது. ஓர் இனத்துக்கு ஏறக்குறைய 100 படங்களாவது சேர்ந்த பிறகுதான் அந்த இனம் பயிற்சிக்குள் வருகிறது. அரளிப் பூச்சி போல உலகெங்கும் படமெடுக்கப்படுகிறவற்றில் அதன் சொல் கெட்டி. அரிதாகப் பதிவாகும் இனமோ அதன் பட்டியலிலேயே இருக்காது. அப்போது அது தனக்குத் தெரிந்தவற்றுள் மிக நெருங்கிய முகத்தைத்தான் நீட்ட முடியும். இது குறை என்பதைவிட, அந்த முறையின் இயல்பு. ஆகவே பட்டியலின் முதல் பெயரை உடனே தொட்டுவிடாமல், குறியைப் பார்த்து உறுதி செய்ய முடியாத போது பேரினத்தோடு நிறுத்தி ஏற்றுவதுதான் நல்ல பழக்கம்.

ஒத்துக்கொள்ளும் பொத்தானுக்கும் இதையே சொல்வேன். படம், நாள், இடம் மூன்றும் இருந்து, பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓர் இனப்பெயரில் ஒன்றுபட்டால், பதிவு ஆய்வுத் தரம் என்ற நிலையை அடைகிறது. அப்படிப்பட்ட பதிவுகள், உரிமம் இடம் கொடுத்தால், உலகளாவிய உயிரினத் தரவுத் தொகுப்பான ஜிபிஐஎஃப்பிலும் சேர்கின்றன. ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றுபடுவதற்கு இரண்டு பேரே போதும் என்பதால், பெரியவர் சொல்லிவிட்டார் என்று நன்றிக்காக நாமும் ஒத்துக்கொள்வது அந்தத் தரவைக் கெடுக்கும். நன்றியைக் கருத்தில் எழுதலாம். ஒத்துக்கொள்வது, குறியை நாமே கண்டு சொல்லக்கூடிய போது மட்டும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் நானும் அப்படி அவசரப்பட்டு அழுத்திய சிலவற்றை, பின்னர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டேன்.

எத்தனை நல்ல சேவையானாலும் படத்தில் இல்லாத குறியை யாரும் படிக்க முடியாது. நான் இப்போது ஒரு பூச்சிக்கு நான்கு படமாவது எடுக்கிறேன்: நேர் மேலேயிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் பின் இறக்கை தெரிய ஒன்று, சுவரில் அருகே பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்து ஒன்று. அந்த நாணயம் 27 மில்லிமீட்டர். அளவு தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ஈர்க்கால் தொடத் தயங்குகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பருந்து அந்துப்பூச்சி பறக்கும் முன் உடலைச் சூடேற்றிக்கொள்வதற்காக இறக்கைகளை நடுக்கும். அந்தச் சில விநாடிகளில் பின் இறக்கை தானாகவே வெளியே தெரியும். ஃபிளாஷை நேராக அடிப்பதைவிட, கைவிளக்கைப் பக்கத்திலிருந்து காட்டி எடுத்தால் நிறம் உண்மையாக வரும். ஃபிளாஷில் பழுப்பெல்லாம் சாம்பலாகிவிடுகிறது. ஒரே பூச்சியின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே பதிவில் சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தனித்தனியாக ஏற்றினால் முதுகுக் கோடு ஓர் இடத்திலும் இறக்கை இன்னோர் இடத்திலும் கிடக்கும்.

சாம்பல் நிறப் பூச்சிகள் விஷயத்தில் பொறுமை வேண்டும். வயிற்றுப் பகுதியின் இருபுறமும் ரோஜாவும் கறுப்புமான பட்டைகள் இருந்தால் அது சர்க்கரைவள்ளிக் கொடியில் வளரும் அக்ரியஸ் கன்வால்வுலி, சந்தேகமே வேண்டாம். ரோஜா இல்லாமல், முன் இறக்கையில் பேனாவால் இழுத்தாற்போல் குட்டையான கறுப்புக் கீறல்கள் மட்டும் இருந்தால் சைலோகிராம்மா. அதற்கு மேல் இறங்குவது கடினம். அந்தப் பேரினத்தின் இனங்களை இறக்கைக் கோடுகளைக் கொண்டு பிரிப்பது அறிஞர்களுக்கே சிக்கல். உடலின் உள்ளுறுப்பைப் பார்த்துத்தான் பல நேரம் முடிவு சொல்கிறார்கள். ஹிப்போஷன் ரொசெட்டா, ஹிப்போஷன் போர்ஹாவியே என்ற சிவந்த பின் இறக்கைக்காரர்களிலும் ஏறக்குறைய இதே நிலை. இவற்றில் பேரினத்தோடு நிற்கும் பதிவு எந்த வகையிலும் குறைபட்ட பதிவு ஆகாது.

ஆனால் புழுவைக் கண்டால் கட்டாயம் ஏற்றுங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்குறிகளோடு நந்தியாவட்டையில் இருக்கும் பச்சைப் புழு அரளிப் பூச்சியினுடையது. காசித்தும்பையை ஒரே இரவில் மொட்டையடிக்கும், உடல் நெடுக வண்ணக் கண்கள் வரிசையிட்ட கரும்புழு தெரெட்ரா ஓல்டன்லாண்டியேவினுடையது. எந்தச் செடியில் இருந்தது என்பதைக் குறிப்பில் எழுதினால், அடையாளம் சொல்பவருக்கு அது இன்னொரு இறக்கைக் குறிக்குச் சமம். 1937இல் பெல், ஸ்காட் இருவரும் இந்தியப் பருந்து அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதிய தொகுதியில் புழுக்களுக்கும் அவற்றின் செடிகளுக்கும் அத்தனை இடம் கொடுத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க மோத்ஸ் ஆஃப் இந்தியா இணையதளத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் எடுத்த படங்கள் என்பதால் நம் ஊர்ச் சாயலோடு பொருந்தும்.

தமிழ் மட்டும் அறிந்தவருக்கு இந்தச் சேவை இன்னும் சற்றுத் தூரத்தில்தான் இருக்கிறது. அடையாளம் சொல்வோர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பெயர்கள் லத்தீனில் இருக்கின்றன. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் உடன் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதே அமைப்பின் சீக் என்ற எளிய செயலி, கணக்குத் தொடங்காமலே கேமராவைக் காட்டியவுடன் பெயர் சொல்வதால் சிறுவர்களுக்கு ஏற்றது. ஆனால் கேள்வி கேட்கும் மனிதர்கள் அங்கே இல்லை. பூச்சியை நேசிக்கத் தொடங்க அது போதும், குறியைப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போதாது. பதில் வரும் வேகமும் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தைப் பொறுத்தது; மழைக்காலத்தில் எல்லோரும் ஒன்றாக ஏற்றும்போது காத்திருக்க நேரும்.

கடைசியாக, வீட்டில் விளக்கு வைத்துப் படமெடுப்பவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தினமும் ஒரே மாடியிலிருந்து ஏற்றும்போது உங்கள் வீட்டின் துல்லியமான இடம் உலகம் முழுவதற்கும் தெரியும். பதிவிடும் பக்கத்தில் இடத்தை மங்கலாக்கும் தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், வரைபடத்தில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் நீள அகலமுள்ள பரப்புக்குள் எங்கோ என்று மட்டுமே பிறருக்குக் காட்டும். பெயர் சொல்ல வருபவருக்கு, மலையடிவாரம் என்று தெரிந்தால் போதுமானது.